கழித்தல் குறி

வடக்கு டகோட்டாவில் பனி இன்னும் விடவில்லை.
நூறு மணி நேரப் பயிற்சியில்
அறுபத்திரண்டு முடித்திருக்கிறேன்.

எதிரே ஆர்வில் ட்வெட்.
முப்பது வருஷம் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவர்.
மூச்சு வாங்காமல் ஓடிய வாய்
நவம்பரிலிருந்து ஒரு பக்கமாய்க் கோணிக் கிடக்கிறது.

பட அட்டையை நீட்டுகிறேன்: பசு.
ஐந்து நொடி பொறு, பிறகு முதல் ஒலியை மட்டும் கொடு,
சொல்லை நீ சொல்லிவிடாதே என்பது லொரேட்டாவின் கட்டளை.
பதினொரு வருஷம் கல்லாவில் நின்றவள் நான்,
கேட்குமுன் சில்லறை எண்ணி நீட்டிப் பழகிய கை.
பொறுப்பதுதான் பாடு.

நான்கு. ஐந்து.
அட்டையைச் சாய்த்துப் பார்க்கிறார்,
மடியை, இடுப்பெலும்பை.
"எண்ணூறு."
தெளிவாக.
"எண்ணூற்றைம்பது. தொள்ளாயிரம்!"
வலது கை எழவில்லை.
இடது கை மேசையை ஓங்கித் தட்டுகிறது.

வாசலில் மகள்: "அப்பாவுக்குப் பேச்சு வந்துடுச்சா?"
அதைச் சொல்லும் உரிமை உதவியாளருக்கு இல்லை.
லொரேட்டாவைக் கேளுங்கள் என்கிறேன்,
என் குரல் எனக்கே சரியாக வரவில்லை.

படிவத்தில், 'பசு'வுக்கு எதிரே,
விதிப்படி கழித்தல் குறி.
ஓரத்தில் பென்சிலால்:
தொள்ளாயிரத்துக்குப் போனது.

அடுத்த அட்டை குடை.
அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.
அதற்கு விலையே கூறவில்லை.