நாற்பத்தோராவது வவுச்சர்

கணக்காய்வாளர் ஐயாவுக்கு,
நீங்கள் சிவப்புப் பேனையால் சுழித்துத்
திருப்பி அனுப்பிய நாற்பத்தோராவது வவுச்சர் பற்றி.

'பயணம் செய்யாதவருக்குப்
பயணச் செலவு எப்படி?'
சரியான கேள்வி.
மூன்று நாளாக ஒரு வரியில் பதில் எழுதிப் பார்க்கிறேன்.
நிற்குதில்லை.

கோப்பை முன்னுக்கிருந்து புரட்டுங்கள்.
ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை கோழி.
கல்லடிப் பாலத்தடியில் ஆறு ஞாயிறு
சோத்துப் பார்சல் விற்ற கணக்கு.
முதல் கிழமை கிலோ ஆயிரத்து நூறு,
மூன்றாம் கிழமை ஆயிரத்து நானூறு,
நான்காம் கிழமை கத்தரிக்காய்க்கு மாறினோம்.
நட்டப்பட்டது அந்த ஒரு கிழமைதான்.
ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய்க்கு
மட்டக்களப்பில் ஒருத்தரும் காசு கொடார்.

இருபது, வாவி நண்டு.
விடியச் சாமம் நாவலடியில் வாங்கியது.
விற்றவர் பெருவிரல் வைத்தார்,
விரலில் ஈரம், அதனால்தான் மை பரவியிருக்கிறது.
களவு இல்லை.

இருபத்தாறு துவாரகியின் கடவுச்சீட்டு.
இருபத்தேழும் துவாரகியின் கடவுச்சீட்டு.
பிறப்பத்தாட்சியில் துவரகி,
அடையாள அட்டையில் துவாரகி.
ஓர் அரவுக்காக
இரண்டு தரம் பத்தரமுல்லை போய் வந்தாள் பிள்ளை.

வரவுப் பக்கத்தில் பெரிய தொகை
ஸ்காபரோவிலிருந்து வந்தது.
ஏப்ரன் எல்லாவற்றிலும் தன் தகப்பன் பெயர்
இருக்கவேணும் என்றார் அனுப்பியவர்.
தைத்துக் கொடுத்தோம்.
பினாங்கு ஹோட்டலில் முதல் நாளே
கழற்றச் சொல்லிவிட்டார்கள்.
இதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.
நீங்களும் சொல்லாதீர்கள்.

மறுகா டிக்கெட் விலை ஏறியது.
ஒன்பது பேருக்குச் சேர்த்த காசு
எட்டுப் பேருக்குத்தான் கண்டது.
ஒரு கிழமை குறைத்தால்
எல்லாரையும் கொண்டுவரலாம் என்று எழுதினேன்.
மூன்று கிழமைக்குக் குறைய
அடுப்படிக்குள் ஆள் எடுக்கமாட்டோம் என்றார்கள்.

பொரிக்கிற சட்டிக்குள் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினோம்.
கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள் பஸ்மிலா.
எட்டாவது துண்டுக்குப் பிறகு
சட்டியில் மிஞ்சிக் கிடந்த பெயர் அனோஜிதன்.

வாகரைப் பொடியன்.
நண்டு வாங்கப் போனவன் அவன்.
ஆறு ஞாயிறும் பெரிய தாச்சியில் நின்றவன் அவன்.
'திரும்பக் குலுக்குவம் மிஸ்' என்றாள் பஸ்மிலா.
அவன் சட்டியைக் கழுவ எடுத்தான்.
'வேணாம். மறுகா வேற ஆள் அழுமே.'

நம் பக்கத்துச் சாப்பாடு ஒரு நாள்
சமைத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள் அங்கே.
அதற்கு எட்டுக் கிலோ சரக்குத்தூள்
அவன்தான் வறுத்து, இடித்து, பெட்டி கட்டினான்.
வேன் வெளிக்கிட்டு வெலிக்கந்தை தாண்டியபோதுதான்
பெட்டி வகுப்பறை மேசையிலேயே இருப்பது
எங்களுக்கு ஞாபகம் வந்தது.

இராப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.
கட்டுநாயக்காவில் விடிய நாலு மணி.
உள்ளே வரப் பார்வையாளர் டிக்கெட் முன்னூறு ரூபாய்.
எடுக்கவில்லை.
வாசலில் நின்று பெட்டியை என் கையில் தந்தான்.
அவன் சேட்டு முழுக்க மல்லி வாசம்.
காவலுக்கு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

வந்த பிறகு வவுச்சரை அவனே நிரப்பியிருக்கிறான்.
பஸ் இரண்டு, பிளேன்டீ ஒன்று.
பிளேன்டீயை மட்டும் வெட்டிப் பக்கத்தில்
'சொந்தச் செலவு' என்று எழுதியிருக்கிறான்.
காரணம் என்ற கோட்டில்
'பினாங்குப் பயணம்.'

பிழை என்று தெரியும்.
திருத்தப் பேனை எடுத்தேன், மூடி வைத்தேன்.

இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாயையும்
என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.
அந்த இரண்டு சொல்லை வெட்டாதீர்கள்.

அடுத்த தொகுதிக்கான விற்பனை
வருகிற ஞாயிறு தொடங்குகிறது, பாலத்தடியில்.
முதல் பெயர் குலுக்காமலே எழுதியாயிற்று.
இந்தப் பக்கம் வந்தால் வாங்க.
கத்தரிக்காய் இல்லை.

இப்படிக்கு,
ஜெனிற்றா அருமைராசா
சமையற்கலைப் பிரிவு