வியாழக்கிழமைக் கிலோமீட்டர்

பழுப்பு உறை வந்த அன்று
நான் அதைப் பிரிக்கவில்லை.
ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு
திருமதி ஷியசனின் முடிக்குச் சாயம் கலக்கக் கிளம்பினேன்.
இருபது நிமிடம் ஊற வேண்டியது
முப்பத்தைந்து நிமிடம் ஊறிவிட்டது.
"கொஞ்சம் கருத்துப்போச்சே" என்றார்.
"குளிர்காலத்துக்கு நல்லது" என்றேன்.

நான்காம் நாள் பிரித்தேன்.
மூன்று ஆண்டுக் கணக்கு, எல்லா ரசீதும்,
வண்டி ஓட்டிய பதிவேடு.
முப்பது நாள் அவகாசம்.
தயவுசெய்து என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.
இரண்டு இடத்திலும் எனக்கு வியர்த்தது.

ரசீதுகள் இல்லாமல் இல்லை.
பிஸ்கட் டின்னில், காரின் கையுறைப் பெட்டியில்,
மழைக்கோட்டுப் பைக்குள் துவைத்துக் காய்ந்த கூழாக.
பாதிக்கு மேல் வெளுத்துவிட்டன.
இது ஷாம்பூ, நூற்றுப் பன்னிரண்டு டாலர் என்று
நான் சத்தியம் செய்யக்கூடிய ஒரு வெற்றுத்தாளை
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.

அக்காள் கணவனுக்கும் சொந்தத் தொழில்தான், நண்டுப் படகு.
"அழுதுகாட்டு" என்றான்.
அவன் அழுதானாம்.
அபராதமும் கட்டினானாம்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்தவர் பெயர் லோர்ன் மக்காஸ்கில்.
வாசலில் பனிக்காலணியைக் கழற்றிவிட்டு
காலுறையோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார்.
இடது கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.
பிடரி முடியை அவரே
கண்ணாடி இல்லாமல் வெட்டியிருக்க வேண்டும்,
ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் சரிவு.
என் விரல்கள் கத்தரிக்கோலைத் தேடின.
சும்மா வெட்டிவிட்டால் அது லஞ்சம்.
காசு வாங்கினால் அது வருமானம்.
மேசைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டேன்.

"துண்டு அறுபது வாங்கியிருக்கிறீர்கள்.
வீட்டு உபயோகம் உண்டா?"
"ஒன்று. நாய்க்கு."
ஒன்றைக் கழித்தார். சிரிக்கவில்லை.
நாய் அவர் காலடியில்தான் படுத்திருந்தது.

பிறகு பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
"வியாழன்தோறும் மார்கரி.
போக வர ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.
இருபத்துமூன்று வாரம்.
வருமானம் எதையும் காணோமே?"

யூலாலி ஓகுவானின் வீடு அது.
முதல் வாரம் பணம் தந்தாள்.
இரண்டாம் வாரம் சீப்போடு முடி வந்தது.
மூன்றாம் வாரம் சீப்புக்கே வேலையில்லை.
முடியில்லாத தலைக்கு
என்ன கட்டணம் என்று கேட்பது?
வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து
நெற்றியிலிருந்து பிடரிவரை துடைப்பேன்.
அவள் ஊர்வம்பு கேட்பாள்.
சொல்வேன், கொஞ்சம் சேர்த்து.
திருமதி ஷியசனின் மூன்று சம்பந்திகளும்
அவ்வளவு மோசமானவர்கள் இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"தோழி" என்றேன். "செப்டம்பரில் போய்விட்டாள்."

மக்காஸ்கில் பேனாவின் மூடியைக் கழற்றி
திரும்ப மாட்டினார்.
"அப்படியானால், டெல்பின்,
இது தொழில் பயணம் ஆகாது.
சொந்தப் பயணம்."

ஒவ்வொரு கிலோமீட்டருக்கும்
பல்லும் நகமுமாய்ச் சண்டைபோடத்தான்
இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
"ஆமாம்" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர்
கணினியில் ஒரு கட்டத்திலிருந்து
இன்னொரு கட்டத்துக்குப் போயிற்று.
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
தெருவை மேலும் ஒருமுறை சுரண்டியது.

கடைசியில் அறுநூற்றுப் பதினொரு டாலர்.
வட்டி தனி.
தவணை கேட்டுத் தொலைபேசியில் நாற்பது நிமிடம்
யாரோ வாசித்த புல்லாங்குழலைக் கேட்டுக்கொண்டே
பாத்திரம் முழுக்கக் கழுவி முடித்தேன்.
ஆறு மாதம் தந்தார்கள்.

அபராதம் உண்டா என்று கேட்டு மைத்துனன் அழைத்தான்.
இல்லை என்றதும்
அவன் குரலில் லேசான ஏமாற்றம்.

ஜனவரி இரண்டாம் தேதி
மருந்துக்கடையில் புதுப் பதிவேடு வாங்கினேன்,
ஏழு டாலர் நாற்பத்தொன்பது.
மை வெளுக்கும் முன்
ரசீதைக் கார் மேலேயே வைத்துப் படம் பிடித்தேன்.
காற்று அதைத் தூக்கியது.
துரத்திக்கொண்டு ஓடினேன்,
பனியில், வாகன நிறுத்தம் முழுக்க,
நாற்பத்தெட்டு வயதில்,
ஏழு டாலர் நாற்பத்தொன்பதுக்கு.
பிடித்துவிட்டேன்.