தெத்தாப்பி

ஜோர்ஜ் டவுன், மூன்றாம் எண் நீதிமன்றம்.
கூண்டுக்கும் மேசைக்கும் நடுவே,
குளிர்சாதனக் காற்று நேராக விழும் இடத்தில்
பதினேழு வருடமாக நிற்கிறேன்.
எனக்குக் கருத்து கிடையாது,
நியமனக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.
அவர்கள் மலாயில் கேட்பார்கள், நான் தமிழில் கேட்பேன்.
இவர்கள் தமிழில் அழுவார்கள்,
நான் மலாயில் அழாமல் சொல்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஆதிமூலம் த/பெ சடையன், வயது ஐம்பத்தாறு.
குற்றம்: தன் ஆப்ப வண்டியைத் தானே திருடியது.

சிரிக்கவேண்டாம். சட்டம் சிரிக்கவில்லை.
உரிமம் முடிந்து இருபது நாள்;
மாநகராட்சி லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனது,
ஏழு இரும்புச் சட்டி, கேஸ் தோம்பு,
காலையில் கரைத்த மாவு எல்லாவற்றோடும்.
மாவு புளித்துப் பொங்கி வழியுமே என்று
இரண்டு இரவு தூங்கவில்லையாம் மனிதர்.
மூன்றாம் இரவு கிடங்கு வேலியில் ஓட்டை கண்டு
தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்
ஜெலுத்தோங்கிலிருந்து டத்தோ கிராமட் வரைக்கும்.
கேமராவில் பார்த்தோம்.
ஆளே இல்லாத சந்திகளில்
சிவப்பு விளக்குக்கு நின்று நின்று போகிறார்.

குற்றச்சாட்டை வாசித்தேன். புரிகிறதா?
"புரியுதும்மா."
ஒப்புக்கொள்கிறீர்களா?
"எடுத்தது நாந்தான். ஆனா…"

ஒப்புதலின் வாலில் ஓர் ஆனா ஒட்டியிருந்தால்
அது ஒப்புதலே இல்லை.
விசாரணைக்குத் தேதி போடவேண்டும்.
தேதி என்றால் ஜாமீன்,
ஜாமீன் என்றால் இரண்டாயிரம் வெள்ளியும் கையெழுத்துப் போட ஓர் ஆளும்,
ஆறு மாதத்தில் நாலு தடவை பஸ்,
சாட்சி வராமல் ஐந்தாவது தடவை.
ஒப்புக்கொண்டால் அபராதம், அன்றைக்கே வீடு.
இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் கணக்குப் பார்த்து,
"மெங்காக்கு சாலா" என்றேன்.
குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

எண்ணூறு வெள்ளி. அடுத்த வழக்கு.
போகும்போது அவர் என்னைக் கும்பிட்டார்.
அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சின்னத் தீவு இது.
யாரும் யாரையும் எங்காவது வரிசையில் பார்த்தே தீரவேண்டும்.
நாசி கண்டார் கடையில் எனக்கு முன்னால் மாஜிஸ்திரேட்,
அவருக்கு முன்னால் அந்த லாரி ஓட்டுநர்,
"கொஞ்சம் குழம்பு சேர்த்து" என்கிறார்.
எல்லாத் தட்டுக்கும் ஒரே கரண்டி.
சமத்துவம் என்று எழுதிவிடலாம்தான்.
மீன் தலை மட்டும் கேட்கிற ஆளைப் பார்த்து விலை.

பிறகு தேர்தல் வந்தது.
எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது;
வேட்பாளர் மூன்றாம் மாடி வரை ஏறி மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார்.
நான் ஐந்தாம் மாடி.
சாவடியில் ஒருத்தி என் பெயரை உரக்க வாசித்தாள்,
நான் மற்றவர்கள் பெயரை வாசிப்பதுபோலவே.
கை தானாகக் கட்டிக்கொண்டது.
இடது சுட்டுவிரலில் மை.
சின்னத்துக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு பெருக்கல் குறி.
அந்தச் சீட்டிலும்
ஆனாவுக்குக் கட்டம் கிடையாது.

திங்கட்கிழமை, மை போகவில்லை.
கூண்டில் கணேசபாண்டி, சிவகங்கைப் பக்கம்,
உணவகத்தில் பாத்திரம் கழுவினவன்,
பெர்மிட் முடிந்து பதினோரு மாதம்.
ஒப்புக்கொள்கிறாயா?
"ஆமாம்மா. ஆனா பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட…"

ஏன் என்று கேட்டால் பதிலில்லை.
"மெங்காக்கு," என்றேன்,
எச்சில் விழுங்கினேன்,
"தெத்தாப்பி."

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக
பேனா நின்றது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார்.
விசாரணை, தேதி, அதுவரை காவல்,
ஒவ்வொன்றாகத் தமிழில் அவனுக்குச் சொன்னேன்.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டவன்
கடைசியில் மெதுவாக,
"அப்ப ஊருக்கு எப்பம்மா?" என்றான்.

அதையும் மலாயில் சொன்னேன்.