ஒன்பதாம் படி

இடப்பக்கம் நான் எழுதுவது.
வலப்பக்கம் இன்னும் நிறுவ வேண்டியது.
நடுவில் மெல்லிய சாம்பல் கோடு.
அதைச் சுட்டியால் பிடித்து
அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன்
ஊபியில், நாலாம் மாடியில்,
குளிரூட்டியைக் குறைக்க ஆளில்லாத
இரவு ஒன்பதரைக்கு.

மின்தூக்கிகளுக்கு நிரல் எழுதும் கம்பெனி.
எழுதியது தவறாது என்பதைக்
கணக்கைப்போல் மெய்ப்பிக்கச் சொல்லி
ஒரு கருவி வாங்கித் தந்திருக்கிறார்கள்.
ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது என்றால்
அதற்குப் போதாது.
எல்லா நாளும் ஓடுமா என்று கேட்கும்.
எல்லா நாளும் என்பது அதற்குத்
தலைகீழாய் நிற்கும் ஓர் எழுத்து.

நிறுவிய வரி பச்சை. நிற்காத வரி சிவப்பு.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி மட்டும் மஞ்சள்.

அங்கே ஸாரி என்று இருந்தது.
கேலி இல்லை, கருவியின் மொழியில் அப்படி ஒரு சொல் உண்டு.
இப்போது முடியவில்லை,
முடிந்ததாக வைத்துக்கொள் என்று பொருள்.
அதுவும் வைத்துக்கொள்ளும்.
எழுதியவள் ஜுனைதா, இரண்டு வருஷம் முன்னால்.
இப்போது மெல்பர்னில்.
பிரிவு நாளுக்குக் கேக் வாங்கப் போனவள் நான்.

அவள் விட்டுப்போன கூற்று இவ்வளவுதான்:
கதவு மூடத் தொடங்கியபின்
உள்ளே எடை மாறாது.
நியாயமாகத்தான் படும்.
அதன்மேல் நாற்பத்தொரு பச்சை அடுக்கியிருந்தோம்.

அழித்தேன்.
கீழே ஒவ்வொன்றாய்ச் சிவந்துகொண்டே போயின,
ஆறு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில்
பிரேக் விளக்குகள் போல.

அப்புறம் கருவி ஒரு கதை சொன்னது.
பதினொரு படி.
ஒன்று: பொத்தான் அழுத்தப்படுகிறது.
ஏழு: எடை சரி, கதவு மூடுகிறது.
எட்டு: இடுக்கில் ஒரு கால். கதவு திறக்கிறது.
ஒன்பது: எடை கூடுகிறது.
பத்தில் கதவு மூட,
பதினொன்றில் பழைய எண்ணை நம்பிப்
பெட்டி ஏறுகிறது.

யாருடைய கால்?
சொல்லாது. அதன் கணக்கில்
நிரல் அல்லாத எல்லாமே சூழல்.
அழுத்துவது சூழல், கால் நீட்டுவது சூழல்.
கருவிக்கும் அதே பெயர்தான்,
உருவாக்கச் சூழல்.
ஒரு சூழலுக்குள் உட்கார்ந்து
இன்னொரு சூழல் அசையாதென்று
இரண்டு வருஷம் நம்பியிருக்கிறோம்.

பிடோக் ரெசர்வோர், என் புளோக்.
கதவு பாதி மூடியபோது
ஒரு கால் வந்தது, ரப்பர் செருப்போடு.
பின்னால் கைவண்டி,
அதில் ஆறு பெட்டி தண்ணீர் பாட்டில்,
மேலே அரிசி மூட்டை,
அதற்கும் பின்னால் எட்டாம் மாடி மிஸ்டர் கோ,
“ஸாரி ஆ, ஸாரி.”

என்னையறியாமல் “நைன்” என்றேன்.
எனக்காக ஒன்பதை அழுத்தினார்.
என் வீடு ஆறில்.
ஆறைத் தாண்டிப் போகும்போது
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.
மெய் என்ற ஒரே சொல்லில்
உண்மையையும் உடம்பையும் வைத்தவர்கள்
இப்படி ஒரு பெட்டியில் ஏறியிருப்பார்களா?

காலையில் டெஸ்மண்ட்:
வெள்ளிக்கிழமைக்குள் பச்சையாகுமா ஆகாதா?
கதவு மறுபடி திறந்தால் மறுபடி நிறு.
நிரலில் ஒரு வரி.
நிறுக்க ஒரு நொடி, நிறுவ எட்டு நாள்.
வெள்ளி போய் அடுத்த வெள்ளியும் போனது.

நாற்பது பச்சை திரும்பியது.
மிஞ்சியது ஒன்று:
பெட்டி என்றாவது கிளம்பும்.

கால் வந்துகொண்டே இருந்தால்
கதவு திறந்துகொண்டே இருக்கும்.
மனிதர்கள் ஒரு கட்டத்தில்
காலை எடுத்துவிடுவார்கள் என்று
ஓர் எடுகோள் வேண்டும்.
எதை வைத்துச் சொல்கிறாய் என்றது
வலப்பக்கம்.

நானும் ஸாரி எழுதினேன்.
பக்கத்தில் குறிப்பாகப் பெயர், தேதி,
புளோக் எண்,
மிஸ்டர் கோவின் செருப்பு நிறம்.

நீலம்.
அடியில் மஞ்சள் கோடு விழுந்தது.