பதிவேட்டில் ஒன்பதாம் கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
ராயக்கோட்டை ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வரும்.
ரசீது போடுவது என் வேலை.
தோட்டக் காவல் ஒற்றைக்குழல்கள்,
பேங்க் காவலாளியின் இரட்டைக்குழல்,
எல்லாம் கோணிச் சாக்கில்,
பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்களைக்
காதைத் திருகி இழுத்து வருவதுபோல.

தக்காளி மண்டி நஞ்சுண்டப்பா மட்டும்
மூன்றையும் மூன்று கம்பளித் துண்டில் சுற்றி
கிரேட்டில் வைக்கோல் பரப்பி எடுத்துவருவார்.
மேலே இருப்பது அழுத்தினால்
அடியில் இருப்பது கன்றிவிடும் என்பதுபோல.

மூன்றும் ரிவால்வர்.
ஒரு வெப்லி, ஒரு ஸ்மித், ஒரு கோல்ட்.
மூன்றுக்கும் பெரிய உடம்பு.
கையில் எடுத்தால் மூன்று பெங்களூரா மாங்காயின் கனம்,
அதுவும் முன்பக்கம் மட்டும்.
மணிக்கட்டு தானாகத் தாழ்ந்து கும்பிடு போட்டுவிடும்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது.
பன்றி என்று நினைத்துச் சுட்டார்கள், அஞ்செட்டிப் பக்கம்.
அவன் தொடையிலிருந்து டாக்டர் எடுத்துப் போட்ட
சைக்கிள் பால்ரஸ் பதினொன்றைப்
பொட்டலம் கட்டி அரக்கு வைத்தது
இந்தக் கைதான்.

"தோட்டா எத்தனை?" என்றேன்.
"இந்த அளவுல இப்ப கிடைக்கறதில்ல ரைட்டரம்மா.
நாப்பது வருஷமாப் பட்டினி கிடக்குதுங்க."
பெருமையா வருத்தமா, தெரியவில்லை.

பிறகு வெப்லியைக் கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்பினார்.
நடுவில் மடிந்து
மதிய வெயிலில் நாய் கொட்டாவி விடுவதுபோல
வாய் திறந்தது.
உள்ளிருந்து நட்சத்திரத் தட்டு ஒன்று எழுந்து
இல்லாத ஆறு தோட்டாக்களை வெளியே தள்ளிவிட்டு
டக்கென்று உட்கார்ந்துகொண்டது.
சிரித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் அறையில் இல்லை.

கண்ணை மூடச் சொன்னார்.
ஒவ்வொன்றாக உருளையைச் சுற்றினார்.
ஸ்மித், புதுப் பூட்டு.
வெப்லி, சோழி.
கோல்ட், ஐந்தாவது அறையில் மட்டும்
ஒரு மயிரிழைத் தயக்கம்,
பெயர் சொல்லுமுன் எச்சில் விழுங்குகிற சாட்சி மாதிரி.
மூன்றையும் சரியாகச் சொன்னேன்.
அதற்குப் பிறகு இரண்டு தேர்தல்.
கண் திறந்திருந்தாலும் சொல்லிவிடுவேன்.

ஒன்பதாம் கட்டம்: நிறம், அடையாளம்.
கோல்டுக்குக் 'கருப்பு' என்று எழுதப்போனேன்.
"கருப்பில்லம்மா. ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க."
கொண்டுபோனேன்.
காக்கை இறகை வெயிலில் திருப்பினால் வருமே,
அது.
கட்டத்தில் அதற்கு இடமில்லை.

வெப்லியில் நீலம் எப்போதோ போய்விட்டது.
கைப்பிடியில் அரத்தால் போட்ட கீறல்கள், ஏழு.
கோலார் தங்கவயலில் ஒரு விதவையிடம் வாங்கினாராம்.
அவளுக்கும் தெரியாதாம்
எதை எண்ணிய ஏழு என்று.
பன்றியாக இருக்கலாம்.
வெறும் நாள் கணக்காகக்கூட இருக்கலாம்.
நான் ஏழு என்று மட்டும் எழுதினேன்.

ஆளுக்கு இரண்டுதான் என்று சட்டம் வந்த வருஷம்
தேர்தல் இல்லாத மாதத்தில் வந்தார்.
கிரேட் இல்லை. ஒரே ஒரு துண்டு.
வெப்லியாக இருக்கும் என்றுதான் பிரித்தேன்.
கோல்ட்.

"போயும் போயும் இதையா?
இருக்கறதுல அழகு இதுதானே?"
இதை நான்தான் கேட்டேன்.
பால்ரஸ் எண்ணிய நான்.

"அழகானதை யார் வேணா பாத்துக்குவாங்க.
கணக்குத் தெரியாததை
எப்படிம்மா இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பறது?"

வெளியே அவருடைய டெம்போ,
பெங்களூர் லோடு, ஹாரன்மேல் ஹாரன்.
கையெழுத்துப் போடுமுன்
உருளையை ஒருமுறை சுற்றினார்.
ஐந்தாவது அறை தயங்கியது.
இருவரும் கேட்டோம்.

நாளைக்கு அது கிருஷ்ணகிரி ஆயுதக்கிடங்குக்குப் போகும்.
ஒன்பதாம் கட்டத்தில் கருப்பு என்று எழுதி
அதன் கீழே, சின்ன எழுத்தில்,
'ஜன்னலோரம் நீலம்' என்று சேர்த்தேன்.

இன்ஸ்பெக்டர் சிவப்பு மையால் அடித்துவிட்டு
சுருக்கொப்பம் இட்டிருக்கிறார்.
அடித்த கோட்டுக்கு உள்ளேயும்
படிக்க முடிகிறது.