அச்சு அசல்

மிக்ரோஸ் தரிப்பிடத்தில்
வலப்பக்கம் முழுதாய் ஒடிக்கும்போது மட்டும்
இடது முன்சக்கரத்துக்குள் யாரோ
பாக்கு வெட்டினார்கள்.

டக். டக். டக்.

நேரே ஓடினால் நின்றுவிடும்.
மூன்று வாரம் வலது திருப்பங்களுக்குப் பயந்து
பால்ஸ்தாலை இடப்பக்கமாகவே சுற்றி
வேலைக்குப் போய் வந்தேன்.

பெகிம் காரை உயர்த்தினான்.
கிழிந்த ரப்பர் உறையில் கிறீஸ் தொங்கியது.
இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தான்.
மணல்.
"ரொயோட்டா பெட்டியில் வருவது தொள்ளாயிரத்து நாற்பது பிராங்.
வேறு கொம்பனி என்றால் நூற்று முப்பத்தைந்து.
இரண்டும் சுற்றும்."

செலிகா. இரண்டாயிரத்து இரண்டு. மஞ்சள்.
எனக்கு முன் பாசலில் ஒரு பல் வைத்தியர் ஓட்டியது.
ஒன்பதாம் மாதம் கழிவு கூறி
எடுத்த சீட்டுக் காசில் வாங்கினேன்.
"இரண்டு கதவுக் காரில் குடும்பம் எப்படி ஏறும்?"
என்றார் அமிர்தநாதன்.
குடும்பத்துக்கு என்று
நான் சொல்லவேயில்லை.

ஓல்டன் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில்
கருவிகளுக்குக் கிருமி நீக்குவது என் வேலை.
இடுப்பு மாற்றும் நாட்களில்
தட்டுத் தட்டாய் இறங்கி வரும்
அளவு பார்க்கும் பந்துகள்.
உடம்புக்குள் தங்கப்போகும் பந்து
தனிப் பெட்டியில் நேரே மேலே போகும்.
நான் கழுவுவது
ஒரு நிமிடம் பொருத்திப் பார்த்துக் கழற்றியவற்றை.
பந்து, கிண்ணம், நடுவில் வழுக்க ஏதோ ஒன்று:
பெகிம் விளக்கைப் பிடித்துக் காட்டியதும்
இதைத்தான்.
மேலே மயங்கிக் கிடக்கும் எவரும்
ஒரிஜினல்தான் வேண்டும் என்று
அடம்பிடித்ததாய் நான் கேள்விப்படவில்லை.

இரவில் படுத்தபடி
இரண்டு சொல்லை உருட்டினேன்.
அச்சு. அசல்.
தனித்தனியே நின்றால் ஒன்று சக்கரத்துக்கு,
மற்றது தொள்ளாயிரத்து நாற்பது பிராங்குக்கு.
சேர்த்துவிட்டாலோ
இன்னொன்றைப் போலவே இருப்பது என்று பொருள்.
மகள் பிறந்தபோது வந்தவர் எல்லாம் சொன்னார்கள்,
மாமியார் அச்சு அசல்.
பதினாறு வயதில் இப்போது
அவள் யார் மாதிரியும் இல்லை;
கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் என்னுடையது.

அசல் என்றால் போட்ட முதலும்தான்.
சீட்டில் இன்னும் நாலு மாதம் கிடந்தது.

நூற்று முப்பத்தைந்தைச் சொன்னேன்.

வியாழக்கிழமை வந்தது.
கறுப்புப் பூச்சு, ஒரு கீறல் இல்லை.
பழையதைத் திருப்பிக் கொடுத்தால்
அறுபது பிராங் தருவார்களாம். கொடுக்கவில்லை.
பூட்டுவதற்கு முன் இரண்டையும்
பெகிமின் தராசில் வைத்துப் பார்த்தேன்.
புதியது எழுநூறு கிராம் குறைவு.
எழுநூறு கிராம் எங்கே போனது என்று கேட்டேன்.
"விலையில் கழித்துவிட்டார்கள்" என்றான்.

ஞாயிறு, பாஸ்வாங் ஏற்றம், மூன்றாம் கியர்.
எழுபத்தெட்டில் ஸ்டியரிங்குக்குள்
ஒரு நடுக்கம் வந்து உட்கார்ந்தது.
சாசரில் கரண்டி அதிருமளவு,
அவ்வளவுதான்.
பக்கத்தில் அமிர்தநாதன் வாய் திறந்து நித்திரை.
திங்கள் பெகிமும் ஓட்டிப் பார்த்தான்,
தனக்கு எதுவும் தெரியவில்லை என்றான்.
எனக்குத் தெரிகிறது.
மிக்ரோஸில் வலப்பக்கம் முழுதாய் ஒடித்தால்
சத்தமே இல்லை.
மலையில் எழுபத்தேழில் ஏறுகிறேன்,
பின்னால் வருபவர்கள் வெளிச்சம் அடிக்கிறார்கள்.

பழையது நிலவறையில்,
பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில்,
துவாயில் சுற்றிக் கிடக்கிறது.
தண்டில் குறையில்லையாம், மூட்டுகள்தான் போயினவாம்.
நல்ல மூட்டுகள் இரண்டு
ஜப்பானில் இருந்தோ போலந்தில் இருந்தோ கிடைத்தால்
தானே பூட்டித் தருகிறேன் என்கிறான் பெகிம்.

அப்படிச் செய்தால் அது ஒரிஜினலா, மற்றதா,
பிறகு அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"இடது" என்றான்.