தோள் வட்டம்

வெள்ளிக்கிழமை, மூன்றே முக்கால்.
காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன்.
உலர்த்தும் இயந்திரத்தின் மேலிருந்த ரேடியோ சொன்னது:
மிச்சமிருந்த நால்வரும் போய்விட்டார்கள்.

பத்துக் கல்லூரிகளின் கூட்டணி.
பெயர் இன்னமும் மேற்குப் பத்துதான்.
கடலோரத்து நால்வர் கோடையிலேயே கிளம்பினார்கள்,
தொலைக்காட்சிக்காரர்கள் காட்டிய தொகைக்கு.
பாலைவனத்து இருவர், ஏரிக்கரை இருவர்
வியாழக்கிழமை எல்லோர் கையையும் குலுக்கி
"நாங்கள் எங்கே போகப் போகிறோம்" என்றார்கள்.
வெள்ளிக்கிழமை போனார்கள்.

இருப்பது
கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே மார்லோ, நாங்கள்.
அப்புறம் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம்
கில்மர் வேலி.

எழுபத்தொன்றில் எங்கள் கோவேறு கழுதையைத் திருடி
ஆரஞ்சு நிறம் பூசித் திருப்பி அனுப்பியவர்கள்.
என் தங்கை அந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டபோது
அப்பா கிறிஸ்துமஸ் வரை வாய் திறக்கவில்லை.

கணக்குப் பிரிவு ஆர்லன் ஸ்டென்ஸ்ருட்
வரைபடத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.
இந்தக் கட்டடத்தில் பெரிய மேசை சலவை மேசைதான்.
துண்டுகளை ஒதுக்கிவிட்டு விரித்தார்.

மலைக் கூட்டணி சேர்த்துக்கொள்ளுமாம், பாதிப் பங்குக்கு.
சமவெளிக்காரர்களுக்கு எங்கள் ஃபுட்பால் மட்டும் போதுமாம்,
நீச்சல்காரர்களை நாங்களே வைத்துக்கொள்ளலாமாம்.
கிழக்கே ஒன்று, மூன்று மணி நேர வித்தியாசத்தில்,
"பரிசீலிக்கிறோம்" என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கிறது.
ஒரு படி இறங்கலாம்.
இறங்கினால் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு உதவித்தொகை இல்லை.
யாரோடும் சேராமல் சுயேச்சையாக நிற்கலாம்,
ஆட யாராவது வந்தால்.

அவர் கோப்பை வரைபடத்தில் ஒரு வட்டம் விட்டது.
உள்ளே நான்கு மாநிலங்கள்.
"இதுகூட நல்ல கூட்டணிதான்" என்றார்.
சிரிக்கவில்லை.

பிரின் கஸ்டாஃப்சன் காலணி வாங்க வந்தாள்.
ஈட்டி எறிபவள்.
ஈட்டியைப் பேருந்தில் கொண்டுபோவது சுலபம்,
இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும்.
விமானம் என்றால் அதற்கு அவளைவிடக் கட்டணம் அதிகம்.
வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"எங்கே போய் விழுந்தாலும்
அளப்பார்கள்தானே?" என்றாள்.
ஆர்லன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
நான் ஒன்பதரை அளவு காலணி தேடினேன்.

ஆறு மணிக்கு உத்தரவு:
தோள் சின்னங்களை நீக்கிவிடவும்.
நூற்றுப் பதினான்கு சட்டைகள்.
சின்னக் கத்தி, மஞ்சள் விளக்கு, ஒரே தையலைத் திரும்பத் திரும்ப.
பிரித்த இடத்தில் ஒவ்வொரு தோளிலும்
வெயில் படாத, சோப்பு காணாத அடர்சிவப்பு வட்டம்.
எங்கள் நிறம் இவ்வளவு வெளுத்திருக்கிறது என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

எட்டரைக்கு ஃபோன்.
டுவேன் பெக்கஸ், கில்மர் வேலியில் என் வேலை பார்ப்பவர்.
இருபத்தாறு வருடத்தில் அவரோடு பேசியதெல்லாம்
காணாமல் போன துண்டுகளைப் பற்றித்தான்.

"உனக்கும் வட்டம் தெரிகிறதா?"
"தெரிகிறது."
"எதை வைத்து மூடுவது?"

பதில் இல்லாத நேரத்தில்
அவர் பக்கத்து உலர்த்தி சுற்றுவது கேட்டது.
என்னுடையது அவருக்குக் கேட்டிருக்கும்.

"அடுத்த வருடம் உங்களோடு இரண்டு ஆட்டமாம்."
"மூன்று என்கிறார் ஆர்லன்."
"கடவுளே" என்றார். பிறகு,
"கழுதையைப் பூட்டி வை."

ஃபோனை வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன்.
எண் இருபது.
அந்தப் பையன் வேறு கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிட்டதாக
செவ்வாய்க்கிழமையே சொன்னார்கள்.
இருந்தாலும் பிரித்தேன்.
நூல் துணுக்குகளை ஊதிவிட்டு,
மடித்து,
அவன் அலமாரியிலேயே வைத்தேன்.